குழந்தைகள் தீவிர சிகிச்சை: படுக்கைக்குக் கணக்கு உண்டு, பயிற்சிக்கு?

புதுதில்லி: பிகார் மாநிலம் முசாபர்பூரில் 2019-ஆம் ஆண்டு ஜூன் மாதம் மூளைக் காய்ச்சலால் குழந்தைகள் அடுத்தடுத்து உயிரிழந்தபோது, அதன் அதிர்வு தில்லியில் நாடாளுமன்றம் வரை எட்டியது. மக்களவைத் தேர்தல் முடிந்து புதிய அவை கூடியிருந்த நேரம் அது. குடியரசுத் தலைவர் உரைக்கு நன்றி தெரிவிக்கும் தீர்மானத்தின் மீதான விவாதத்துக்கு மாநிலங்களவையில் பதிலளித்த பிரதமர் நரேந்திர மோடி, பிகார் குழந்தைகளின் மரணம் நாம் அனைவரும் வெட்கப்பட வேண்டிய விஷயம் என்று குறிப்பிட்டார். உச்ச நீதிமன்றம் மத்திய அரசிடமும் பிகார், உத்தரப் பிரதேச அரசுகளிடமும் விளக்கம் கேட்டது. அந்தக் கோடையில் பிகாரில் இறந்த குழந்தைகளின் எண்ணிக்கை 150-ஐத் தாண்டியது.

இத்தனை பெரிய துயரத்தின் நடுவே, அதிகம் கவனிக்கப்படாமல் போன ஒரு செய்தி உண்டு. முசாபர்பூர் ஸ்ரீகிருஷ்ணா மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பணியிலிருந்த சீனியர் ரெசிடென்ட் மருத்துவர் ஒருவர், பணியில் அலட்சியம் காட்டியதாக இடைநீக்கம் செய்யப்பட்டார். நிலைமையைச் சமாளிக்க பாட்னாவிலிருந்து சில நாள்களுக்கு முன்புதான் அனுப்பி வைக்கப்பட்டிருந்தவர் அவர். அந்த நடவடிக்கை சரியா, தவறா என்பது வேறு விஷயம். ஆனால், ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்து குழந்தைகள் வலிப்புடன் கொண்டுவரப்படும் இரவில், அவர்கள் அருகில் நிற்கும் இளம் மருத்துவரை அந்த இரவுக்காக யார், எங்கே, எவ்வளவு காலம் தயார் செய்தார்கள் என்ற கேள்வி அவையிலும் எழவில்லை, நீதிமன்றத்திலும் எழவில்லை. ஆண்டுகள் பல கடந்தும் அந்தக் கேள்வி அப்படியே இருக்கிறது.

ரெசிடென்ட் யார்?: தமிழகத்தில் பி.ஜி. மாணவர் என்று அழைக்கப்படுபவரே வட மாநிலங்களிலும் மத்திய அரசு மருத்துவமனைகளிலும் ஜூனியர் ரெசிடென்ட். எம்.பி.பி.எஸ். முடித்து, குழந்தைகள் நல மருத்துவத்தில் 3 ஆண்டு எம்.டி. பயில்பவர் அவர். எம்.டி. முடித்தபின் அதே துறையில் பணியாற்றுபவர் சீனியர் ரெசிடென்ட். ஒருவர் மாணவர், மற்றவர் தாற்காலிக ஊழியர். ஆயினும் பெரிய அரசு மருத்துவமனைகளில் மாலை 5 மணிக்குப் பிறகு குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவை நடைமுறையில் நடத்துபவர்கள் இவ்விருவரே. பேராசிரியர் தொலைபேசியில் இருப்பார். நள்ளிரவு 2 மணிக்கு மூச்சுக்குழாயில் குழாய் செருகும் கை ரெசிடென்டின் கைதான்.

முசாபர்பூர் சொன்ன பாடம்: 'சம்கி புகார்' என்று உள்ளூர் மக்கள் அழைக்கும் அந்த நோய் 2019-இல் புதிதாக முளைத்ததல்ல. 2014-ஆம் ஆண்டு மே 26 முதல் ஜூலை 17 வரை முசாபர்பூரின் இரு மருத்துவமனைகளில் 390 பேர் இதே அறிகுறிகளுடன் சேர்க்கப்பட்டனர். அவர்களில் 122 பேர் இறந்தனர். இந்திய, அமெரிக்க ஆய்வாளர்கள் இணைந்து அந்த ஆண்டு நடத்திய விசாரணையின் முடிவுகள் 2017-இல் லான்செட் குழும இதழில் வெளியாயின. ரத்தச் சர்க்கரை அளவு பார்க்கப்பட்ட 327 பேரில் 204 பேருக்கு அது 70 மில்லிகிராம் அல்லது அதற்கும் கீழே இருந்தது. லிச்சிப் பழத்தில் உள்ள இயற்கையான நச்சுப்பொருளும், முந்தைய இரவு உணவில்லாமல் உறங்கச் செல்வதும் சேர்ந்து குழந்தையின் ரத்தச் சர்க்கரையைச் சரித்துவிடுகின்றன என்பது அந்த ஆய்வின் சாரம்.

அப்படியானால், வலிப்புடன் வரும் குழந்தைக்கு முதலில் தேவைப்படுவது எது? விரல் நுனியில் ஒரு துளி ரத்தம் எடுத்துச் சர்க்கரையைப் பார்ப்பதும், குறைவாக இருந்தால் உடனே நரம்பு வழியே குளுகோஸ் கொடுப்பதும்தான். கருவியின் விலை சில நூறு ரூபாய். ஆனால் வலிப்பைக் கண்டதும் வலிப்பு மருந்தை மட்டும் தேடாமல், சர்க்கரையையும் பார்க்க வேண்டும் என்ற அனிச்சைச் செயல் கைக்கு வந்திருக்க வேண்டும். அதுதான் பயிற்சி.

2019 மரணங்களுக்குப் பிறகு முசாபர்பூர் கல்லூரிக்கு 100 படுக்கைகள் கொண்ட குழந்தைகள் தீவிர சிகிச்சைக் கட்டடம் கிடைத்தது. 2020 ஜூன் மாதம் அது திறக்கப்பட்டது. அடுத்து வந்த கோடைகளில் உயிரிழப்பு வெகுவாகக் குறைந்தது உண்மை. ஆனால் அதில் பெரும் பங்கு கட்டடத்துக்கு உரியதா என்பது ஐயமே. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சர்க்கரையைப் பார்த்து குளுகோஸ் கொடுக்கும் நடைமுறை கொண்டுவரப்பட்டதும், குழந்தையை இரவில் வெறும் வயிற்றுடன் தூங்க விடாதீர்கள் என்று வீடுவீடாகச் சொல்லப்பட்டதும்தான் அதிகம் உதவியிருக்க வேண்டும்.

9 மாதத்தில் கட்டலாம், உருவாக்க முடியுமா?: கரோனா இரண்டாவது அலை தணிந்து, மூன்றாவது அலை குழந்தைகளைத் தாக்கும் என்ற அச்சம் நாடெங்கும் பரவியிருந்த 2021 ஜூலை மாதத்தில், மத்திய அமைச்சரவை ரூ.23,123 கோடி மதிப்பில் அவசர காலத் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் அளித்தது. மத்திய அரசின் பங்கு ரூ.15,000 கோடி, மாநிலங்களின் பங்கு ரூ.8,123 கோடி. நாட்டில் அப்போதிருந்த 736 மாவட்டங்களிலும் குழந்தைகள் சிகிச்சைப் பிரிவு, புதிதாக 20,000 தீவிர சிகிச்சைப் படுக்கைகள், அவற்றில் 20 சதவீதம் குழந்தைகளுக்கு, மாநிலத்துக்கு ஒரு குழந்தைகள் சிகிச்சை உயர் சிறப்பு மையம் என்பன அதன் அம்சங்கள். 2022 மார்ச் 31-க்குள், அதாவது 9 மாதங்களில், முடிக்க வேண்டும் என்றும் கூறப்பட்டது.

மூன்றாவது அலை அஞ்சியபடி குழந்தைகளை வாட்டவில்லை. கட்டிய பிரிவுகள் வீண் என்று அதற்காகச் சொல்லிவிட முடியாது. டெங்குவும் நிமோனியாவும் ஆண்டுதோறும் வரத்தான் செய்கின்றன. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. 9 மாதத்தில் சுவர் எழுப்பலாம், ஆக்சிஜன் குழாய் பதிக்கலாம், கருவிகளை இறக்கலாம். ஒரு குழந்தைகள் நல மருத்துவரை உருவாக்க எம்.பி.பி.எஸ். முடிந்த பிறகு 3 ஆண்டுகள் வேண்டும். தீவிர சிகிச்சையில் டி.எம். பட்டம் பெற்றவர் வேண்டுமென்றால் அதற்கு மேலும் 3 ஆண்டுகள்.

இந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்பதை மத்திய சுகாதார அமைச்சகமே வெளியிட்ட 2021-22 ஊரக சுகாதாரப் புள்ளிவிவரம் காட்டியது. சமுதாய சுகாதார நிலையங்களின் தேவையோடு ஒப்பிட்டால், குழந்தைகள் நல மருத்துவர் பற்றாக்குறை 81.6 சதவீதம். வட்டார அளவில் சாதாரண குழந்தை மருத்துவரே இல்லாதபோது, தீவிர சிகிச்சை தெரிந்தவரை எங்கே தேடுவது?

வென்டிலேட்டர் விவகாரத்தில் அரசு ஒரு முறை சூடுபட்டும் இருக்கிறது. பி.எம். கேர்ஸ் நிதியிலிருந்து ரூ.2,000 கோடியில் 50,000 வென்டிலேட்டர்கள் வாங்க 2020-இல் முடிவு செய்யப்பட்டது. மறு ஆண்டு மே மாதம், அவற்றில் பல மாநிலங்களின் கிடங்குகளில் முடங்கிக் கிடப்பதாகச் செய்திகள் வெளியானபோது, உடனடித் தணிக்கைக்குப் பிரதமர் உத்தரவிட்டார். கருவிகளை இயக்க மருத்துவப் பணியாளர்களுக்குத் தேவைப்பட்டால் மறுபயிற்சி அளிக்கவும் அப்போது அறிவுறுத்தப்பட்டது. கருவி முதலில், பயிற்சி பிறகு என்ற வரிசை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு.

எடைதான் கணக்கு: பெரியவருக்கும் குழந்தைக்கும் தீவிர சிகிச்சையில் என்ன பெரிய வேறுபாடு என்று கேட்கலாம். முதல் வேறுபாடு கணக்கு. இதயம் நின்ற பெரியவருக்கு ஒரு மில்லிகிராம் அட்ரினலின் என்று எழுதினால் போதும். ஆள் 50 கிலோவா, 80 கிலோவா என்று யாரும் நின்று யோசிப்பதில்லை. குழந்தைக்கு ஒரு கிலோ எடைக்கு 0.01 மில்லிகிராம். 5 கிலோ கைக்குழந்தைக்கு 0.05 மில்லிகிராம். மருந்துப் புட்டியில் இருப்பதோ ஒரு மில்லிலிட்டரில் ஒரு மில்லிகிராம். அதை 10 மடங்கு நீர்த்து, அதிலிருந்து அரை மில்லிலிட்டர் எடுக்க வேண்டும். நீர்க்க மறந்து அதே அரை மில்லிலிட்டரைச் செலுத்தினால் 10 மடங்கு மருந்து உடலுக்குள் போய்விடும். ஒரு தசமப் புள்ளி இடம் மாறினால் அதே விபரீதம். காலையில், காகிதத்தில் இந்தக் கணக்கை எந்த மாணவரும் சரியாகப் போடுவார். இரவில், தாய் கதறிக்கொண்டிருக்கையில், பிழையின்றிப் போட வேண்டும்.

அவசரத்தில் குழந்தையை எடை பார்க்க நேரமிருக்காது. உயரத்தை அளந்து எடையைக் கணிக்கும் வண்ண நாடா ஒன்று அமெரிக்காவில் உருவாக்கப்பட்டு உலகெங்கும் பயன்படுகிறது. இந்தியக் குழந்தைகளிடம் அதைச் சோதித்தபோது, குழந்தை வளர வளர நாடா காட்டும் எடை உண்மையான எடையைவிடக் கூடுதலாக இருப்பது தெரியவந்தது. நம் குழந்தைகள் அதே உயரத்தில் மெலிந்திருக்கிறார்கள் என்பதே காரணம். நாடாவை நம்பி மருந்து கொடுத்தால் அளவு மிகும். இதையும் ரெசிடென்ட் அறிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது வேறுபாடு, குழந்தை தன் நோயை மறைக்கும் திறன். ரத்த ஓட்டம் குலைந்த நிலையிலும் குழந்தையின் உடல் நாளங்களைச் சுருக்கி, இதயத்தை வேகமாக ஓட்டி, ரத்த அழுத்தத்தைத் தாக்குப்பிடித்து நிற்கும். மானிட்டர் திரையில் எண் சரியாகவே தெரியும். அழுத்தம் விழும்போது நேரம் கடந்திருக்கும். எனவே திரையைப் பார்க்காதே, பாதத்தைத் தொட்டுப் பார் என்பதே இங்கு முதல் பாடம். பாதம் சில்லிட்டிருக்கிறதா? நகத்தை அழுத்தி விட்டால் சிவப்பு திரும்ப எத்தனை விநாடி ஆகிறது? தாயைப் பார்த்துச் சிரிக்கிறதா, வெறித்துப் பார்க்கிறதா? 2 மாதத்துக்குட்பட்ட சிசு நிமிடத்துக்கு 60 முறையும், ஒரு வயதுக்குட்பட்டது 50 முறையும், 5 வயதுக்குட்பட்டது 40 முறையும் மூச்சு விட்டால் அது அபாய அறிகுறி என்கிறது உலக சுகாதார நிறுவனம். கையில் கடிகாரத்துடன் ஒரு முழு நிமிடம் நின்று எண்ண வேண்டும். நெரிசல் மிகுந்த வார்டில் அந்த ஒரு நிமிடம்தான் கிடைப்பதில்லை.

மூன்றாவது, கை. நான்கு வயதுக் குழந்தையின் மூச்சுக்குழாய்க்கு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாய் பொருந்தும். வயதை நான்கால் வகுத்து நான்கைக் கூட்டு என்பது மாணவர்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் சூத்திரம். நுனியில் பலூன் உள்ள குழாயானால் அரை மில்லிமீட்டர் குறைவு. சூத்திரம் ஒரு நாளில் வந்துவிடும். நாக்கை விலக்கி, குரல்நாண்களைக் கண்டு, குழாயை நுழைக்கும் பழக்கம் வர மாதங்கள் ஆகும். பொம்மையில் பழகிவிட்டு வருகிறார்கள் என்பது உண்மைதான். பொம்மைக்கு எச்சில் ஊறுவதில்லை. அதன் ஆக்சிஜன் அளவும் கண்ணெதிரே சரிவதில்லை.

பயிற்சி எங்கே?: சண்டீகர் முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனமும் தில்லி எய்ம்ஸும் இத்துறையின் இரு முக்கியப் பாசறைகள். பஞ்சாப், ஹரியாணா, ஹிமாசல் என்று நான்கு திசையிலிருந்தும் குழந்தைகள் வந்து குவியும் சண்டீகரில், டாக்டர் சுனித் சிங்கி போன்றோர் குழந்தைகளுக்கான அவசர, தீவிர சிகிச்சையைத் தனித்துறையாக வளர்த்தெடுத்தனர். இன்று சண்டீகரிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் இத்துறையில் டி.எம். உண்டு, எய்ம்ஸில் நுரையீரல் மருத்துவத்துடன் சேர்ந்த டி.எம். தேசிய தேர்வு வாரியம் தன் பங்குக்கு மூன்றாண்டுப் படிப்பு நடத்துகிறது. 1993-இல் தொடங்கப்பட்ட தீவிர சிகிச்சை மருத்துவர் சங்கமும் குழந்தை மருத்துவர் அமைப்பும் இணைந்து ஓராண்டுப் பயிற்சி அளிக்கின்றன. தமிழகம் தனது விபத்து, அவசர சிகிச்சைத் திட்டத்தில் குழந்தைகளின் அவசர சிகிச்சையைத் தனித் தூணாகவே வைத்திருப்பதும் குறிப்பிடத்தக்கது.

இவை அனைத்தும் நிபுணர்களை உருவாக்குபவை. ஆனால் மாவட்ட மருத்துவமனையில் நிற்கப்போகிறவர் டி.எம். படித்தவர் அல்லர், எம்.டி. முடித்தவர், அல்லது எம்.டி. படித்துக்கொண்டிருப்பவர். அந்த மூன்று ஆண்டுகளில் தீவிர சிகிச்சைப் பிரிவில் அவர் செலவிடுவது சில மாதங்கள். வென்டிலேட்டர் 20 இருக்கும் கல்லூரியில் பயில்பவருக்கும், இரண்டு மட்டும் இருந்து அதில் ஒன்று பழுதாகிக் கிடக்கும் கல்லூரியில் பயில்பவருக்கும் பட்டம் ஒன்றே.

இதை நாடாளுமன்றம் அறியாததல்ல. சுகாதாரத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2016 மார்ச் மாதம் தாக்கல் செய்த 92-ஆவது அறிக்கையில், மருத்துவக் கல்லூரிகளிலிருந்து வெளிவருவோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மாவட்ட அளவிலும் பணியாற்றத் தயாரான நிலையில் இல்லை என்றும், சுகப்பிரசவம் பார்ப்பது போன்ற அடிப்படைப் பணிகளில்கூடத் திறன் குறைந்திருப்பதாகவும் கடுமையாகச் சாடியிருந்தது. அதன் விளைவாகவே இந்திய மருத்துவக் கவுன்சில் கலைந்து, தேசிய மருத்துவ ஆணையம் 2020 செப்டம்பரில் செயல்பாட்டுக்கு வந்தது. பெயர்ப்பலகை மாறிய வேகத்தில் வார்டு மாறவில்லை.

பாடநூல் ஒருபுறம், வார்டு மறுபுறம்: நம் நாட்டு ரெசிடென்டுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. அவர் படிக்கும் நூல்கள் பெரும்பாலும் வேறு நாட்டு மருத்துவமனைகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. நோய்த்தொற்றால் ரத்த ஓட்டம் குலைந்த குழந்தைக்கு நரம்பு வழியே திரவத்தை வேகமாகவும் தாராளமாகவும் செலுத்த வேண்டும் என்பது நெடுங்காலப் பாடம். கென்யா, தான்சானியா, உகாண்டா நாடுகளில் 3,141 குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2011-இல் வெளியான ஆய்வு அதைத் தலைகீழாக்கியது. வேகமாகத் திரவம் பெற்ற குழந்தைகளில் 48 மணி நேரத்துக்குள் இறந்தோர் சுமார் 10.5 சதவீதம், அப்படிப் பெறாதவர்களில் 7.3 சதவீதம். மூச்சுத் திணறினால் தாங்கிப்பிடிக்க வென்டிலேட்டர் இல்லாத மருத்துவமனைகள் அவை. 2020-இல் வெளியான சர்வதேச வழிகாட்டு நெறிகள் இந்த வேறுபாட்டை ஏற்று, தீவிர சிகிச்சை வசதி இருக்கும் இடத்துக்கு ஒரு முறையும் இல்லாத இடத்துக்கு வேறு முறையும் வகுத்தன. எய்ம்ஸ் மருத்துவர்கள் 2017-இல் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்விலும், திரவத்தை 5 முதல் 10 நிமிடத்தில் செலுத்துவதைவிட 15 முதல் 20 நிமிடத்தில் செலுத்தினால் வென்டிலேட்டர் தேவைப்படும் குழந்தைகள் குறைவது தெரிந்தது. ஆக, அதே நோய்க்கு எய்ம்ஸில் செய்வது ஒன்று. மாவட்ட மருத்துவமனையில் செய்ய வேண்டியது வேறு. எய்ம்ஸில் மட்டுமே பயின்றவருக்கு இது எளிதில் பிடிபடாது.

தேள்கடி மற்றோர் எடுத்துக்காட்டு. கொங்கண் பகுதியில் செந்தேள் கொட்டிய குழந்தைகள் நுரையீரலில் நீர் கோத்து இறப்பது ஒரு காலத்தில் சாதாரணம். மகாராஷ்டிரத்தின் மஹாட் என்ற சிற்றூரில் பணியாற்றிய டாக்டர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர், ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கப்படும் பிரசோசின் என்ற மலிவான மாத்திரை இதற்குக் கைகொடுப்பதைக் கண்டறிந்து 1980-களில் லான்செட் இதழில் எழுதினார். இறப்பு நூற்றுக்கு ஓரிருவர் என்ற அளவுக்கு இறங்கியது. 2022-இல் அவருக்கு பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. (அந்தத் தேளின் அறிவியல் பெயரில் 'தமுலஸ்' என்ற சொல் ஒட்டிக்கொண்டிருப்பது தமிழர்களுக்குச் சுவையான செய்தி.) அந்த மாத்திரை மாநகர மருத்துவமனையில் பிறக்கவில்லை. நோயாளி அருகில் விடிய விடிய அமர்ந்து நாடித்துடிப்பைக் குறித்துவைத்த ஒரு கிராமப்புற மருத்துவரிடமிருந்து வந்தது.

தூக்கமில்லாத கைகள்: கொல்கத்தாவில் 2024 ஆகஸ்ட் 9-ஆம் தேதி பெண் பயிற்சி மருத்துவர் ஒருவர் பணியிடத்திலேயே கொடூரமாகக் கொல்லப்பட்ட வழக்கைத் தானாக முன்வந்து விசாரித்த உச்ச நீதிமன்றம், ரெசிடென்ட் மருத்துவர்கள் தொடர்ந்து 36 மணி நேரம் பணியாற்றுவது குறித்துக் கவலை தெரிவித்தது. இத்தனைக்கும் 1992-ஆம் ஆண்டிலேயே மத்திய அரசின் உத்தரவு ஒன்று இருக்கிறது. தொடர்ச்சியான பணி பொதுவாக 12 மணி நேரத்தையும், வாரப் பணி 48 மணி நேரத்தையும் தாண்டக் கூடாது என்கிறது அது. 'பணியின் அவசரத்துக்கு உட்பட்டு' என்ற சிறு வாசகமும் அதில் உண்டு. உத்தரவைச் செல்லாக்காசாக்க அது போதுமானதாக இருந்தது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 விதிகள் மணிக்கணக்கைச் சொல்லாமல், 'நியாயமான' நேரம் என்று முடித்துக்கொண்டன. மருத்துவ மாணவர்களின் மனநலம் பற்றி ஆராய ஆணையம் அமைத்த பணிக்குழு, 2024-இல் வாரத்துக்கு 74 மணி நேரம் என்ற வரம்பைப் பரிந்துரைத்தது.

நேரத்தைக் குறைத்தால் மட்டும் பிழை குறைந்துவிடுமா என்றால், விடை அத்தனை எளிதல்ல. ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், நீண்ட நேரப் பணிமுறையில் இளம் மருத்துவர்கள் செய்த கடுமையான பிழைகள் 36 சதவீதம் அதிகம் என்று தெரிந்தது. உலகமே அதை மேற்கோள் காட்டியது. அதே ஆய்வாளர்கள் பின்னர் அமெரிக்காவின் 6 குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பெரிய அளவில் மீண்டும் ஆராய்ந்து 2020-இல் வெளியிட்ட முடிவு வேறு விதமாக இருந்தது. பணிநேரத்தை 16 மணி நேரத்துக்குள் குறைத்தபோது, ரெசிடென்டுகளின் கடுமையான பிழைகள் குறையவில்லை, கூடின! காரணம் தேடியபோது, ஒவ்வொருவரும் கவனிக்க வேண்டிய குழந்தைகளின் எண்ணிக்கை உயர்ந்திருந்தது தெரியவந்தது. அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டதும் வேறுபாடு மறைந்துவிட்டது. ஆட்களைக் கூட்டாமல் மணியை மட்டும் குறைப்பது, பாரத்தை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றுவது போலத்தான். 74 மணி நேர வரம்பு விதியாக வரும் நாளில் கூடவே எத்தனை பணியிடங்கள் வரும் என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது.

செவிலியர் பற்றாக்குறையும் இதனுள் அடங்கியதே. வென்டிலேட்டரில் உள்ள ஒரு குழந்தைக்கு ஒரு செவிலியர் என்பது நெறி. அந்த ஒருவர் நாலைந்து குழந்தைகளைப் பார்க்கும்போது, கபத்தை உறிஞ்சுவது முதல் மருந்துப் பம்பை மாற்றுவது வரை ரெசிடென்டின் தலையில் விழுகிறது. வென்டிலேட்டர் கிடைக்காத மருத்துவமனைகளில் பெற்றோரே முறைவைத்து ஆம்பு பையை அழுத்திக்கொண்டிருக்கும் காட்சி இன்னும் மறையவில்லை. 1952-இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, ஏறத்தாழ 1,500 மருத்துவ மாணவர்கள் வாரக்கணக்கில் கையால் பையை அழுத்தி நோயாளிகளுக்கு மூச்சுக் கொடுத்தார்கள். தீவிர சிகிச்சை என்ற துறையே அங்கிருந்துதான் பிறந்தது. அங்கே மாணவர்கள் அழுத்தினார்கள். இங்கே தகப்பன் அழுத்துகிறான்.

மொழி என்ற தடை: பாடத்திட்டத்தில் மிகக் குறைந்த இடம் பெறும் பயிற்சி ஒன்றும் இருக்கிறது. குழந்தை பிழைக்காது என்று பெற்றோரிடம் எப்படிச் சொல்வது? அகில இந்தியத் தேர்வு வழியே தமிழகத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் வரும் மாணவர்கள், வட இந்திய மருத்துவமனையில் சேர்ந்த சில வாரங்களில் பேச்சு ஹிந்தியைப் பழகிக்கொள்கிறார்கள். எப்போது காய்ச்சல் வந்தது, எத்தனை முறை வாந்தி என்று கேட்க அது போதும். மைதிலியும் போஜ்புரியும் மட்டும் அறிந்த தாயிடம், வென்டிலேட்டரை நிறுத்துவது பற்றிப் பேச அது போதாது. உயிர் மீட்பு முயற்சியைத் தவிர்ப்பது குறித்து இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2020-இல் நெறிமுறைகளை வெளியிட்டது. அதைப் பெற்றோரிடம் எந்தச் சொற்களால் எடுத்துரைப்பது என்பதை ரெசிடென்ட் தன் மூத்தவர் பேசும்போது பக்கத்தில் நின்றுதான் கற்கிறார். மூத்தவர் நன்றாகப் பேசுபவரானால் அவர் அதிர்ஷ்டசாலி.

இரு பட்டியல்களுக்கு நடுவே: நாடாளுமன்றத்தில் இவ்விஷயத்தை எழுப்பினால் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில் தொடங்கும்: பொது சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் உள்ளவை. அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணைப்படி அது சரியே. ஆனால் மருத்துவக் கல்வி, 1976-இல் நிறைவேறிய 42-ஆவது திருத்தத்துக்குப் பிறகு பொதுப் பட்டியலில் இருக்கிறது. உயர்கல்வியின் தரத்தை நிர்ணயிப்பதோ மத்தியப் பட்டியலில். அதாவது படுக்கை மாநிலத்தின் பொறுப்பு. அதனருகே நிற்கும் ரெசிடென்டின் பயிற்சித் தரம் மத்திய அரசின் பொறுப்பு. மரணம் நேரும்போது மத்திய அரசு மாநிலத்தைக் கைகாட்டுகிறது. மாநிலம் ரெசிடென்டைக் கைகாட்டுகிறது.

நம்பிக்கைக்கு இடமே இல்லை என்று கூறிவிட முடியாது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இறப்பு விகிதம் 2014-இல் ஆயிரத்துக்கு 45 ஆக இருந்து 2020-இல் 32 ஆகக் குறைந்ததாக மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பு கூறுகிறது. தடுப்பூசியாலும் உப்பு-சர்க்கரைக் கரைசலாலும் காப்பாற்றக்கூடிய உயிர்கள் காப்பாற்றப்படும்போது, எஞ்சும் மரணங்களில் தீவிர சிகிச்சை தேவைப்படுபவற்றின் பங்கு தானாகவே உயரும். 2021 திட்டத்தின் உயர் சிறப்பு மையங்களுக்கு, காணொலி வழியே மாவட்டப் பிரிவுகளுக்கு ஆலோசனை கூறி வழிநடத்தும் பணியும் தரப்பட்டிருந்தது. அதே ஆண்டில் சேர்ந்த முதுநிலை மாணவர்கள் முதல், 3 மாத காலம் மாவட்ட மருத்துவமனையில் பணியாற்றுவது கட்டாயமாக்கப்பட்டது. தம் துறை சார்ந்த வார்டிலும் அவசரப் பிரிவிலும் இரவுப் பணி உள்பட அவர்கள் செய்ய வேண்டும். இந்த இரண்டு ஏற்பாடுகளையும் இணைத்து, மாவட்டத்துக்கு வரும் குழந்தை மருத்துவ ரெசிடென்ட் புதிய பிரிவிலேயே அமர்த்தப்பட்டு, மறுமுனையில் உயர் சிறப்பு மையத்தின் மூத்த மருத்துவர் திரையில் இருந்தால், புதிய சட்டமோ புதிய கட்டடமோ இல்லாமலே பல இரவுகள் மாறக்கூடும்.

736 மாவட்டங்களுக்கென அறிவிக்கப்பட்ட பிரிவுகளில் எத்தனை இன்று இரவும் பகலும் இயங்குகின்றன, அவற்றில் இரவுப் பணியில் இருப்போரில் எத்தனை பேர் குழந்தைக்கு மூச்சுக்குழாய் செருகப் பயிற்சி பெற்றவர்கள், மாவட்டத்துக்கு அனுப்பப்பட்ட ரெசிடென்டுகளில் எத்தனை பேர் அங்கே தீவிர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றினார்கள் என்ற மூன்று கேள்விகளையும் சுகாதார அமைச்சரிடம் எந்த உறுப்பினரும் கேட்கலாம். மக்களவை விதிகளின்படி இதற்கு முழுமையாக 15 நாள்கள் முன்னதாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும்.